ஒரு டிகாஷன் இறங்கும் நேரம்

எனக்கு வந்த வியாதிக்கு ஸ்ரீரங்கத்தில் பாராட்டு விழா நடத்தாததுதான் பாக்கி. எல்லோரும் அதை ஆசாரம் என்று நினைத்துவிட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். உத்தர வீதியில் எங்கள் வீடு, கொல்லையில் வற்றாத கிணறு. மகள் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து நான் அந்தக் கிணற்றடியே கதியென்று கிடந்தேன். குளித்துவிட்டு, கொடியில் தனியாக உலர்த்திய மடிப்புடவையை எடுத்தால், அது எதன்மேலோ பட்டதுபோல் தோன்றும். உடனே மறுபடியும் குளியல். வாசற்படியில் கால் பட்டால் அதற்கொரு குளியல். கை கழுவியதையெல்லாம் யார் எண்ணினார்கள்!

அக்கம்பக்கத்து மாமிகள் தங்கள் மாட்டுப்பெண்களை இழுத்துவந்து என்னைக் காட்டினார்கள். “பாருடி, இந்தக் காலத்துலயும் இப்படி ஒருத்தி! நீயும் இருக்கியே!” அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே எரித்துவிடும். தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இதில் அடிபட்டவள் என் மகள். அவள் அழுதால் தூக்க ஓடுவேன். தூக்குமுன் கை கழுவ வேண்டும், கழுவிய கை சொம்பில் பட்டால் மறுபடி கழுவ வேண்டும். நான் வருவதற்குள் அவள் என் நாத்தனார் இடுப்பில் அழுதழுது தூங்கியிருப்பாள். நாத்தனார் என் கணவருக்கு அக்கா. இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவர், காலையில் வந்தால் விளக்கு வைத்தபிறகுதான் போவார். ஒன்பதாம் மாதத்தில் மகள் முதன்முதலாக “ம்மா” என்றாள். அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் கிணற்றடியில் நின்று கேட்டேன்.

என் விரல்கள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் நாத்தனாருக்கு உறைத்தது. “ஏண்டா, இவ கையைப் பார்த்தியோ? புத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காளாமே, அழைச்சிண்டு போயேன்” என்று தம்பியை விரட்டினார். பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாக இருந்தும் நான் வேறு எதையும் தொடாமல், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு புத்தூர்வரை நின்றே போனேன். கண்டக்டர் உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

டாக்டரம்மா கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுவீங்க?” என்று கேட்டார்.

“எங்காத்துல ஆசாரம் கொஞ்சம் ஜாஸ்தி டாக்டர்” என்றார் என் கணவர், ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்து, “கழுவலைன்னா என்ன ஆகும்னு பயமா இருக்கு? சொல்லுங்க” என்றார்.

அதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை, சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். “குழந்தை செத்துப்போயிடும்” என்றேன். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஆசாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. மனசுக்கு வர்ற வியாதி இது. பைத்தியமும் இல்லை, உங்க தப்பும் இல்லை. குழந்தை பெத்தவங்க சில பேருக்கு இப்படி வரும்” என்றார் டாக்டரம்மா. கைக்குக் களிம்பு கொடுத்தார். பிறகு வழி சொன்னார்: பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார வேண்டும். பயம் ஏறும், ஏறட்டும், தானே இறங்கும். அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். “ஒண்ணும் ஆகாதே?” என்று நான் கேட்டால் யாரும் பதில் சொல்லக் கூடாது. “அந்தப் பதிலும் கை கழுவற ஒரு சொம்பு தண்ணி மாதிரிதாங்க” என்றார்.

விஷயம் கேட்டதும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். “ஊர் பூரா இவ ஆசாரத்தைத் தம்பட்டம் அடிச்சேனே, என் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க!” மறுநாள் காலையே பித்தளை பில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “வாசற்படியைத் தொடு. தொட்டியா? உட்கார். டிகாஷன் இறங்கறவரைக்கும் கிணத்தடிப் பக்கம் போனே, காலை ஒடிச்சுடுவேன்.”

முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெருக்கதை முழுவதும் சொன்னார். ஒரு மாதத்தில் இரண்டு டிகாஷன் இறங்கும்வரை கழுவாமல் உட்கார முடிந்தது, பிறகு மூன்று. போட்ட காப்பியை வீணாக்குவதா என்று எல்லோரும் குடித்துத் தள்ளினோம். என் கணவர் தூக்கம் வராமல் புரண்டார். ஒருநாள் தூள் ரொம்ப நைசாக இருந்து டிகாஷன் அடைத்துக்கொண்டது. “இறங்கவே மாட்டேங்கறதேக்கா!” என்று அலறினேன். அவர் மூடியைத் தட்டுகிறார், கரண்டிக் காம்பால் குத்துகிறார், ஊஹூம், ஒரு சொட்டுகூட இல்லை. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்த சிரிப்பில் கழுவ மறந்துபோனேன். மறந்தேன் என்பதே மறுநாள்தான் ஞாபகம் வந்தது. அப்பாடா, என்ன சந்தோஷம்!

ஆனாலும் கழுவாத கையால் மகளைத் தொடும் துணிச்சல் மட்டும் வரவில்லை. அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காந்தி மார்க்கெட் போனோம். சேனைக்கிழங்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் என் இரண்டு கையிலும் மண். கணவர் தோளிலிருந்த மகள் என்னைப் பார்த்துத் தாவினாள். நான் பின்வாங்கினேன்.

கிழங்கு விற்ற அம்மாவுக்கு என் கதை என்ன தெரியும்? “என்னம்மா நீ, புள்ள இந்தத் தாவு தாவுது, பாத்துக்கிட்டு நிக்கிற! வாங்கிக்கம்மா!” என்று ஒரு அதட்டல் போட்டார்.

வாங்கிக்கொண்டேன். அவளுடைய வெள்ளைக் கவுனில் என் பத்து விரலும் பதிந்தது. “ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டேன். கணவர் கூரையைப் பார்த்தார். நாத்தனார் கிழங்குக்குப் பேரம் பேச ஆரம்பித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். காவிரிப் பாலம் வருவதற்குள் பயம் ஏறிய வழியே இறங்கிவிட்டது. மகள் என் கன்னத்தில் மண்ணை அப்பிவிட்டு, முகத்தைப் பார்த்து “ம்மா” என்றாள். முன்சீட்டிலிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்து, “என்னைத்தானே கூப்பிட்டா?” என்றார்.

“இல்லைக்கா, என்னைத்தான்” என்றேன்.