முடக்குவாதம் என்று சொன்னது நான்தான்

போன சனிக்கிழமை தென்னூரில் ஒரு கிளினிக்கில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் இந்த முறை என் வாயால் கெட இருந்தது கலையரசியின் காரியம்.

கலையரசி யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் போர்ஷன். வயது முப்பத்தாறு. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கணவர் செந்தில் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர்.

இரண்டு வருடமாகக் கலைக்கு உடம்பு சரியில்லை. திடீரென்று ஜுரம் அடிக்கும். முழங்காலும் கணுக்காலும் வீங்கும். நாலு படி ஏறுவதற்குள் கால் துவண்டுவிடும். பத்து நாள் படுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுவாள். மறுபடி ஒரு மாதம் கழித்து... அதே கதை. அவள் கெட்ட நேரம், டாக்டரிடம் போகிற அன்று பார்த்து வீக்கம் வற்றியிருக்கும்.

ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? கலை அழுவாள். "நல்ல சேதிதானேம்மா, ஏன் அழுற?" என்று நானே கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன செய்வோம்? நாலு ஆப்பிள் வாங்கிக்கொள்வோம். உட்கார்ந்ததும் கேட்போம் — "உடம்புக்கு என்னவாம்?" ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், "ஐயோ பாவம்" என்று காபியைக் குடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவோம். ஆனால் "என்னன்னு தெரியலைங்க" என்று பதில் வந்தால்? தொலைந்தது! அப்புறம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒருத்தர் கண்ணு பட்டிருக்கு என்பார். ஒருத்தர் குலதெய்வத்துக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று விசாரிப்பார். இன்னொருத்தர், "எல்லாம் மனசுதாங்க. எதையோ நெனச்சு நெனச்சு உருகுது பொண்ணு" என்று சொல்லிவிட்டுச் செந்திலை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், "என்னன்னு சொன்னாங்க?" என்று நான் கேட்டபோது செந்திலிடமிருந்து பதில் வந்தது. "முடக்குவாதமாங்க."

அப்பாடா! ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தெருவே நிம்மதி அடைந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு முடக்கத்தான் கீரை வர ஆரம்பித்தது. கட்டுக் கட்டாக. நான் ஒருபடி மேலே போய், தோசையாகவே சுட்டு வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கலை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள்.

இதற்கு நடுவில் கடையில் ஒரு பிரச்சினை. வலி இருக்கிற நாட்களில் உட்கார்ந்துகொள்ள ஒரு ஸ்டூல் கேட்டாள். "என்ன வியாதின்னு டாக்டர் லெட்டர் கொண்டாங்க. இந்த மாசத்துக்குள்ள வேணும். இல்லன்னா வேற இடம் பாத்துக்கங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை தென்னூருக்கு வரும் ஒரு பெரிய டாக்டரிடம், இரண்டு மாதத்துக்கு முன்பே பதிந்து வைத்திருந்த அப்பாயின்ட்மென்ட் போன சனிக்கிழமைக்கு இருந்தது. அன்றைக்கென்று பார்த்துச் செந்திலுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. "நீங்க வேலையப் பாருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நானேதான் முன்வந்தேன்.

கிளினிக்கில் கலை பாத்ரூம் போயிருந்த நேரத்தில் நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். "என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டார். நான் இருக்கும்போது பதில் தாமதமாகலாமா? "முடக்குவாதம். ரெண்டு வருஷமா" என்றேன். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

உள்ளே போனோம். டாக்டர் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். சீட்டைப் பார்த்தார்.

"முடக்குவாதம்னு போட்டிருக்கு. யாரு கண்டுபிடிச்சாங்க?"

கலை ஃபைலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"சொல்லும்மா, டாக்டர் கேக்குறாங்கல்ல" என்று நான் முழங்கையால் இடித்தேன்.

டாக்டர் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். "அதுக்கான டெஸ்ட் எல்லாம் எடுத்து, இல்லைன்னுல்ல வந்திருக்கு? அப்புறம் யாரு சொன்னது?"

குரல் மாறிவிட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். இவள் நடிக்கிறாளோ என்று சந்தேகப்படும்போது வருகிற குரல். கடை மேனேஜரிடம் இருப்பது. உண்மையைச் சொன்னால்... ஒன்றிரண்டு தடவை என்னிடமும் இருந்தது.

கலை என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"அது பொய்ங்க டாக்டர். எங்க வீட்டுக்காரரு வச்ச பேரு. வர்றவங்க எல்லாம் கேட்டுக் கேட்டு... தெரியலன்னு சொன்னா யாரும் விட மாட்டேங்குறாங்க. ஏதாச்சும் ஒரு பேரச் சொன்னாத்தான் விடுறாங்க. அக்காகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டோம். அக்கா மேல தப்பில்லைங்க."

அக்கா மேல் தப்பில்லையாம்! எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூசியது.

"பொய் சொன்னேன்னு அனுப்பிடாதீங்க டாக்டர். வலி பொய் இல்லைங்க" என்றாள்.

டாக்டர் சீட்டில் இருந்த அந்தப் பெயரை அடித்தார். "சரி, முதல்லேருந்து சொல்லுங்க. நீங்க மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த 'மட்டும்' எனக்கு. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கலை அரை மணி நேரம் பேசினாள். வீக்கம் வருவதற்கு முதல் நாள் கண் சிவக்குமாம். விடியற்காலையில் விரல் மடங்காதாம். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்கிறாளாம். மாடி வீட்டில் இருக்கும் எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எப்படித் தெரியும்? இரண்டு வருடமாக நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதானே!

"எனக்கும் இப்ப இது என்னன்னு தெரியல" என்றார் டாக்டர். "பேரு தெரிய வருஷக்கணக்குல ஆகலாம். தெரியாமலேயும் போகலாம். ஆனா வலியைக் குறைக்க அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீங்குற அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வைங்க. ஜுரம் அடிக்கிற நாளை எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. மாசாமாசம் வாங்க, தேடிக்கிட்டே இருப்போம்."

கலை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பேரு இல்லாம லெட்டர் தருவீங்களா டாக்டர்?"

"ஏன் தரமாட்டேன்?" என்று லெட்டர்பேடை இழுத்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். நோய்க்குப் பெயர் கேட்டுக் கேட்டு நாம் ஏன் உயிரை எடுக்கிறோம்? பெயர் தெரிந்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி. கீரையா, கஷாயமா என்று முடிவு செய்துவிடலாம். பெயர் இல்லாத நோயோடு ஒருத்தி தினமும் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, சேலை விரித்துக் காட்டுகிறாள் என்பது நமக்குப் பயமாக இருக்கிறது. நம் பயத்துக்கு அவர்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருந்தால், அந்தப் பால் பாக்கெட்டையாவது நான் பிரித்துக் கொடுத்திருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"விடுங்கக்கா" என்றாள். டிக்கெட் வாங்கி முடித்ததும், "அந்தத் தோசை மட்டும் இனிமே வேணாங்கக்கா... சின்ன வயசுலேருந்தே எனக்குக் கசப்பு ஆகாது" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டூல் கிடைத்ததா என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு மறக்க முடியாதது, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது செந்திலிடமிருந்து வந்த போன்தான். கலை ஸ்பீக்கரில் போட்டாள்.

"லெட்டர் குடுத்தாங்களா? என்னன்னு எழுதியிருக்காங்க?" மில் இரைச்சலுக்கு நடுவே கத்தினார் மனிதர்.

மடியில் இருந்த லெட்டரைக் கலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு உடம்பு சரியில்லன்னு எழுதியிருக்காங்கங்க."

"நெசமாவா!"

மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.