ஓஸ்லோவுக்கு ஒரு டிக்கெட்டா, இரண்டா?

மூன்றரை வயது என்பது சின்ன வயதா, பெரிய வயதா? இதுவரை எனக்கு விடை தெரியவில்லை. ரயிலைக் கேட்டால் சின்ன வயது, விமானத்தைக் கேட்டால் பெரிய வயது. என் மகளைக் கேட்டால் காலையில் ஒன்று சொல்வாள், பால் குடிக்கச் சொல்லும்போது இன்னொன்று சொல்வாள்.

என் தங்கை கல்யாணமாகி நார்வேயின் தலைநகரமான ஓஸ்லோவில் இருக்கிறாள். இது அவளுக்கு முதல் பிரசவம். முறைப்படி அம்மாதான் போக வேண்டும். ஆனால் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு வாசல்படி இறங்கவே ஒரு ஆள் வேண்டும். "அக்கா, நீயாவது வாயேன்" என்றாள் தங்கை. நானும் "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டேன். மூத்தவளாகப் பிறந்தவளுக்கு வாயில் வேறு பதில் வருவதில்லை.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். கணவரும் அங்கேதான், பல வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டுச் சமீபத்தில்தான் பெர்மனென்ட் ஆனார். எங்கள் பிளாக்கில் ஊர் சுற்றுவது என்றாலே கம்பெனி தரும் விடுமுறைப் பயணச் சலுகையில் ரயிலேறுவதுதான். போகிற ஊரில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்போம். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் எடுக்க மாட்டோம். ஐந்து முடிந்த பிறகும் கொஞ்ச காலம் முடியவில்லை என்றே சொல்வோம். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் ஓஸ்லோவுக்குத் திட்டம் போட்டேன்: எனக்கு ஒரு டிக்கெட், மகள் என் மடியில்.

தங்குவது தங்கை வீட்டில். சாப்பாட்டுக்கு அரிசி, பருப்புப்பொடி, பத்தியச் சாமான், பண்ருட்டி முந்திரி, வீட்டில் காய்ச்சிய நெய் எல்லாம் பெட்டியில். செலவே இருக்காது என்று நினைத்தேன்.

"நெய்யெல்லாம் எடுத்துட்டு வராதக்கா. பால் சம்பந்தப்பட்ட எதையும் உள்ள விட மாட்டாங்க" என்றாள் தங்கை. பிறகு கடையில் நின்றபடி ஒரு காலிஃபிளவரைப் படம் பிடித்து விலையோடு அனுப்பினாள். நான் உடனே ரூபாயில் மாற்றிப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்.

"இந்தக் காசுக்கு நம்ம பஜார்ல ஒரு வாரத்துக் காய் வாங்கலாமேடி!"

"ரூபாயா மாத்திப் பாக்காதக்கா. பாத்தா பட்டினிதான் கெடப்ப" என்று சிரித்தாள்.

அங்கே வெளியில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடும் பணம் எங்கள் குவார்ட்டர்ஸின் மாத வாடகையைத் தாண்டிவிடுகிறது. நடுங்கினாலும், வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நிஜமான அதிர்ச்சி வடலூரில் காத்திருந்தது. வளைகுடாவுக்கு ஆட்கள் போகும் டிக்கெட்டுகளைப் போட்டுத்தரும் ஒரு சின்னக் கடை. கடைக்கார பாய் எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சீட்டாம்மா?" என்றார்.

"ஒண்ணு போதுங்க. பாப்பா மடியில உக்காந்துக்கும்."

"மடியெல்லாம் ரெண்டு வயசு வரைக்குந்தாம்மா. அதுக்கு மேல தனி சீட்டு. கிட்டத்தட்ட உங்க காசுதான் பாப்பாவுக்கும்."

என் சேலை முந்தானையைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்த இந்தப் பொடியளவு உடம்புக்கா எனக்குச் சமமான காசு? "வீட்டுல கேட்டுட்டு வரேங்க" என்று சொல்லி வெளியே வந்து, எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதைக்கூட மறந்து நின்றேன்.

எதிர் வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். விஷயத்தைக் கேட்டதும், "ஒன்றரை வயசுன்னு சொல்லு. எம்பையன ஏழு வயசு வரைக்கும் நாலுன்னுதான டெல்லி வரை கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"பாஸ்போர்ட்லயே பொறந்த தேதி இருக்கேக்கா."

"அப்ப அந்த ஊர்ல கம்பெனி கெஸ்ட் ஹவுஸும் இருக்காதுன்னு சொல்லு!"

சிரித்தோம். சிரித்து முடித்ததும் பயம் திரும்பி வந்தது. இரண்டாவது டிக்கெட்டுக்கு எங்களிடம் இருப்பது ஒரே பணம்தான், மகளைப் பள்ளியில் சேர்க்கச் சேர்த்து வைத்தது. அவளைக் கூட்டிப்போக அவள் படிப்புப் பணத்தையே எடுப்பதா?

தங்கையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப பாப்பாவ விட்டுட்டு வா."

குழந்தையை விட்டுவிட்டு வருவதை, குழந்தை பெறப்போகிறவள் இவ்வளவு எளிதாகச் சொல்கிறாளே என்று திகைத்துவிட்டேன். கோபத்தில், "உன் வீட்டுக்காரருக்குத்தான் பிரசவத்துக்கு லீவு தர்றாங்களாமே, நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"வேலை செய்யவா கூப்பிடறேன்? வலிக்கும்போது யாரையாவது அக்கான்னு கூப்பிடணும். அவ்ளோதான்" என்றாள்.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, கறுத்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "போய்ட்டு வா. கம்மாபுரத்துல எங்கக்கா வூடு இருக்கு இல்ல? நைட் ஷிப்ட் வந்தா அங்க வுட்டுட்றேன். சும்மா யோசிச்சிகினே இருக்காத" என்றார்.

"தூக்கத்துல என்னைத் தேடி அழுதா?"

"அழுதா இன்னா, போன்ல உன் மூஞ்சியக் காட்டறேன். நீயும் அழுவ. ரெண்டு பேரும் சேந்து அழுங்க."

அவருக்கு விளையாட்டு. எனக்கு இன்னொரு கணக்கும் உதைத்தது. ஒரு வாரம் போனாலும் இரண்டு மாதம் போனாலும் விமானக் கட்டணம் ஒன்றுதான். அவ்வளவு கொட்டிக்கொடுத்துவிட்டுச் சீக்கிரம் திரும்பினால் வீண் செலவு. நிறைய நாள் இருந்தால்தான் சிக்கனம். அப்படியென்றால் நான் சிக்கனமாக இருக்க இருக்க, என் பிள்ளை தாயில்லாமல் இருக்கும் நாள் கூடிக்கொண்டே போகும். சிக்கனம் நல்ல குணம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அது இப்படியும் ஒரு நாள் வந்து நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கடைசியில், அழுவாள் என்று தயாராகிக்கொண்டு மகளிடமே கேட்டேன். "அம்மா சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா? நீ அத்தை வீட்டுல இருப்பியா?"

"அத்தை வூட்ல ஆட்டுக்குட்டி இருக்கு. நீ போ" என்றாள். உடனே செருப்பைத் தேடி எடுத்து வந்து வலமும் இடமும் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

வடலூர்க் கடையில் கேட்ட விலைகூட என்னை அப்படி உலுக்கவில்லை. அழுதிருந்தால் போக மாட்டேன் என்று முடிவெடுத்திருப்பேன். அழவில்லை என்பதால் போகலாம் என்று ஆகிவிடுமா? இரண்டு மாதம் என்றால் என்ன என்று அவளுக்கு என்ன தெரியும்?

விசாவுக்குத் தேதி வாங்க வேண்டும். யார் யார் பெயருக்கு என்று தெரிந்தால்தான் வாங்க முடியும். பாய் போனில், "நாள் போகப் போக விலை ஏறும்மா" என்கிறார். தங்கை தினமும் வயிற்றைப் படம் எடுத்து அனுப்புகிறாள். இதை வாசிக்கிறவர்களில் இந்த வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தூரம் போய் வந்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் திரும்பி வந்தபோது பிள்ளை உங்களிடம் எப்படி வந்தது? எத்தனை நாள் வரை பரவாயில்லை? இல்லை, பள்ளிப் பணம் போனால் போகட்டும் என்று கூடவே கூட்டிப்போனவர்கள் இருந்தால், பிறகு வருந்தினீர்களா? தயவுசெய்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.