ஒரே கொப்பரை, இரண்டு கல்யாணம்

போன வியாழக்கிழமை விடிகாலையில் ஏழு இட்லி சாப்பிட்டேன். நின்றுகொண்டே. எட்டாவதை என் இலையில் வைத்த பெண்ணுக்கு முந்தின நாள்தான் வேலை போயிருந்தது — என்னால்.

எட்டாவதையும் சாப்பிட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கவும் கிளம்பினேன். சிங்கம்புணரியில் ஒரு கயிற்றுக் கடை. ஒரு முதலாளி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபைல். அவரே திறப்பார், அவரே தட்டுவார், அவரே மூடுவார். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. எனக்குத் தலைக்கனம் வந்தது அங்கேதான்.

அடுத்தது காரைக்குடியில் மீனாட்சி ஆச்சியின் பாத்திர வாடகைக் கடை. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் அண்டாவும் குண்டானும் பெரும்பாலும் ஆச்சி கடையிலிருந்துதான் போகும். முன்னால் கடை, பின்னால் கோடவுன். கடையில் பதிவு எழுதுவது ஸ்டெல்லா — கல்லூரியில் என்னிடம் படித்தவள். கோடவுனைப் பார்த்துக்கொள்வது கருப்பையா. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நடுவே ஒரு ஒயர்.

ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன் சார், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதுனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தாராளமா எழுதலாம் ஆச்சி."

கம்ப்யூட்டர் விற்றவர் சர்வர் டேட்டாபேஸ் என்று ஏதோ ஆரம்பித்தார். "மொய் எழுதுறதுக்கு யாராவது ஆடிட்டரைக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மை என்ன? எனக்கு சர்வர் தெரியாது. ஃபைல்தான் தெரியும். தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு ஜோக் சொன்னேன். வகுப்பறையிலும் இத்தனை வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஃபைல் என்பது ஒரு நோட்டு. ஆளாளுக்கு நேரே போய் அதையே திறந்து எழுதுவார்கள். சர்வர் என்பது அந்த நோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார்த்தி வைப்பது. நோட்டை வேறு யாரும் தொட முடியாது. அவரிடம் சொன்னால் வரிசையாக எழுதிக்கொள்வார்.

ஃபைலிலும் ஒழுங்காக எழுதியிருந்தால் சமாளித்திருக்கலாம். நான் எழுதியது சோம்பேறி புரோகிராம். ஒருவர் திறந்தால் மொத்த ஃபைலும் மற்றவருக்குப் பூட்டு. முதல் ஆள் மூடினால்தான் அடுத்த ஆள் எழுதலாம். அதனால் என்ன, மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கருப்பையாவைக் கேட்டிருக்க வேண்டும்.

வாடகைக்குப் போன பாத்திரத்தில் கடைசிக் கரண்டி வீடு திரும்பும்வரை அவர் நோட்டை மூட மாட்டார். மூடினால் பாத்திரம் வராதாம். நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வந்தது... பழக்கம் போகவில்லை. காலையில் ஃபைலைத் திறந்தால் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். சாப்பிடப் போகும்போது திரையின் மேல் துண்டைப் போர்த்திவிட்டுப் போவார்.

"கருப்பையா, வேலை முடிஞ்சதும் மூடிருங்களேன்."

"எப்படி சார் மூடுறது? அண்டா இன்னும் மானாமதுரையில கெடக்கு."

"அண்டாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாயங்காலம் மட்டும் மூடிட்டுத்தானே போறீங்க?"

"மூடலையே சார். சுவிட்சத்தான அமத்துறேன்."

ஸ்டெல்லாவிடம் வந்தேன். "காலையில அவர் வர்றதுக்கு முன்னாடி ஃபைலை ஒரு பிளாப்பியில நகல் எடுத்துக்கம்மா. பகல்ல நகல்ல எழுது. சாயங்காலம் அவர் போனதும் அதைப் பழைய ஃபைல் மேலயே ஏத்திடு."

"அப்ப கருப்பையா அண்ணன் பகல்ல எழுதுனது அழிஞ்சிறாதா சார்?"

கெட்டிக்காரப் பெண். "அவர் என்னத்த எழுதப் போறாரு..." என்றேன்.

அழிந்தது. "நேத்து வந்த வாளிய இன்னும் வரலேங்குது" என்று கருப்பையா முணுமுணுத்தார். மறுபடி தட்டச் சொன்னேன். அதுதான் நான் செய்த பழுதுபார்ப்பு.

புதன்கிழமை மத்தியானம் கடை வாசலில் இரண்டு வேன்கள். ஒன்று நாச்சியாபுரம், மற்றது நாட்டரசன்கோட்டை. இரண்டு வீட்டிலும் மறுநாள் காலை கல்யாணம். இரண்டு வேனும் வந்தது பெரிய இட்லிக் கொப்பரைக்கு. ஆச்சியிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. நாட்டரசன்கோட்டைக்காரர்கள் பல நாள் முன்பே நேரே கோடவுனுக்குப் போய்க் கருப்பையாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் தட்டியிருக்கிறார். அன்று சாயங்காலமே ஸ்டெல்லாவின் நகல் அதன் மேல் ஏறிவிட்டது. கொப்பரை சும்மா கிடப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்ல, பின்னர் வந்த நாச்சியாபுரத்துக்கு அவள் பதிந்துவிட்டாள்.

"யாரு உன்னிய நகல் எடுக்கச் சொன்னது?" என்றார் ஆச்சி.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடக்கூட இல்லை.

"நானாத்தான் எடுத்தேன் ஆச்சி."

"அறுவது வருசமா வாக்குத் தவறாத கடை இது. நாளைக்கு இந்த ரெண்டு கல்யாணத்தையும் முடிச்சுக் குடு. அப்புறம் நீ வரவேணாம்."

அவள் வீட்டில் இப்போதைக்குச் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். எனக்குத் தெரியும். தெரிந்தும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியையும் அவளேதான் சொன்னாள். "கொப்பரைய யாருக்கும் அனுப்ப வேணாம் ஆச்சி. நம்ம கோடவுன் வாசல்லயே அடுப்பு வச்சு அவிப்போம். சூடு ஆறாமக் கட்டி வேன்ல அனுப்பிருவோம்."

மறுநாள் விடிகாலை, இரண்டு வீட்டுச் சமையல்காரர்களும் கொப்பரைக்கு முன்னால் தோளோடு தோள் இடித்தார்கள்.

"கையை எடுய்யா. கொப்பரை எங்க பேருல இருக்கு."

"மொதல்ல சொன்னது நாங்க. எந்திரம் அழிச்சா நாங்க பட்டினியா?"

ஸ்டெல்லா ஒரு முக்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் கொப்பரையத் தொடாதீக. எத்தன வேணும்னு எங்கிட்டச் சொல்லுங்க. நாட்டரசன்கோட்டை தூரம், மொத ஈடு அவுகளுக்கு. ரெண்டாவது ஈடு உங்களுக்குண்ணே."

அவ்வளவுதான், சண்டை நின்றது. வேன்கள் கிளம்பின. இரண்டு பந்தியிலும் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த முக்காலிக்குப் பெயர்தான் சர்வர் என்று எனக்கு அப்போது விளங்கியது. கடை எவ்வளவு சின்னது என்று அளந்தேனே தவிர, எத்தனை கை எழுதுகிறது என்று எண்ணவில்லை. ஒரு கை என்றால் ஃபைல் போதும். இரண்டாவது கை வந்தால் நடுவில் ஒருவர் வேண்டும்.

மிஞ்சிய இட்லியை எனக்குப் போட்டதும் அவள்தான். எட்டாவது விழும்போது கேட்டேன். "நீ ஏம்மா என் பேரைச் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன் சார்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கடைக்குப் போனேன். முதல் முறை ஆச்சி காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறை ஸ்டெல்லாவின் நாற்காலி காலியாக இருந்தது. "அந்தப் புள்ளைய நம்புனேன் சார்" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். நேருக்கு நேர் எனக்கு வாய் வராது. பேப்பரில் வரும். இந்தப் பத்திரிகையில் ராசிபலனுக்கு அடுத்தபடியாகப் படிப்பது என் பக்கம்தான் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நகல் எடுக்கச் சொன்னது நான். எச்சரித்தவள் அவள். அலட்சியப்படுத்தியதும் நான்.

ஆச்சி, இதைப் படித்து முடித்ததும் ஸ்டெல்லா வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். என் வீட்டுக்கும் அனுப்பலாம் — இருப்பேன்.