முதலை வயிற்றில் அடைத்த துளை

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சிறு கொட்டகை ஒன்றை எடுத்தேன். அப்போது என் பேத்தி ஓயாமல் ஒரு கார்ட்டூன் சிடி போட்டுக்கொண்டிருப்பாள். குரங்கும் முதலையும் கதைதான். அதைப் பார்த்தே அச்சு செய்து, முதலையின் முதுகில் குரங்கு சவாரி போவதுபோல் பொம்மைகள் வார்த்தேன்.

உள்ளே வெறும் கூடாக இருக்கும் பொம்மைக்கு அடியில் ஊசித்துளை விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, சூளையில் வெடிக்கும். பேத்தி ஒன்றைத் திருப்பிப் பார்த்து, படத்தில் முதலைக்கு வயிற்றில் ஓட்டை இல்லையே என்றாள். அவள் முகம் வாடியது பொறுக்காமல், நன்றாகத்தானே காய்ந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எல்லாத் துளைகளையும் மண் கூழால் அடைத்துவிட்டேன்.

எங்களைப்போன்ற சிறு கொட்டகைக்காரர்கள் பொதுச் சூளைக்குள் தள்ளும் ஒரே வண்டியில் சரக்கை அடுக்குவோம். அந்த முறை என் முதலைகளுக்குப் பக்கத்தில் அடுத்த கொட்டகை அம்மாவின் கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்களும் ஆடுகளும் இருந்தன. கணவர் இறந்தபின் மாதா கோயிலிலிருந்து அவருக்கு வந்த முதல் பெரிய வேலை. சூளை திறந்தபோது இரண்டு பேர் சரக்கும் சில்லுகளாகக் கிடந்தது. எனக்குக் காரணம் உடனே புரிந்தது.

"உங்க ஆடுங்க சரியா காயலைம்மா" என்றேன்.

படித்தவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அன்று மாலை பேத்தி மறுபடியும் படத்தைப் போட்டாள். நடு ஆற்றில் முதலை, உன் ஈரலுக்காகத்தான் கூட்டிப்போகிறேன் என்று குரங்கிடம் உண்மையைச் சொல்லும் இடம் வந்தது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவின் கொட்டகைக்குப் போய், துளையை அடைத்ததையும் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"எனக்குக் கை வரலைன்னு நெனச்சிட்டேன் சார். கொட்டாய மூடிட்டு, தையல் மிஷினு வாங்கலாம்னு வூட்டுல சொல்லிட்டேன். கெமிஸ்ட்ரி சாரு, நீங்களே இப்படிப் பண்றீங்களே" என்றார். பிறகு ஒரு பலகையை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. ஆட்டுக்குக் காது ஒட்ட வருமா?"

சுமாராகத்தான் வந்தது. என் ஆடுகள் கழுதைக்குப் பிறந்தவை என்று சிரித்தார். ஆனாலும் குடில் கிறிஸ்துமஸுக்கு முன்பே தயாரானது. அவர் தொழிலை விடவில்லை. அடுத்த சூளைக்கு நான் வேறு வண்டி கேட்டபோது, தன் சரக்குக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார். அன்று மாலை அவர் கதவைச் சாத்தியிருந்தால் நான் திரும்பித்தான் போயிருப்பேன். உட்காரச் சொன்னாரே, அந்த நன்றி இன்னும் என்னிடம் இருக்கிறது.