பூமணி அக்கா சாத்திய கதவு

காத்தான்குடிக் கடையொன்றில் அக்காவுக்குச் சீத்தைத் துணி வாங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சின்னம்மா, அம்மா போயிட்டா." கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார்.

பக்கவாதம் வந்து அக்கா இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். செத்த வீட்டில் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "தகப்பனத் துரத்தின கைதானே. கடைசியில ஒரு வாய் தண்ணிக்கும் தூக்கேலாமப் போச்சு." நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள். அந்தப் பேச்சுக்கான பதிலை இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அப்பா வாவியில் மீன் பிடித்தார், கசிப்புச் சாராயம் குடித்தார். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினொன்று. அப்பாவின் தோணி வரும் நேரத்தில் அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மீன்பறியை வாங்கிவிடுவார். கரையில் கசிப்புக்காரன் காத்திருப்பான். "கரையில வெச்சி வாங்கினா அது அவருட மீன். தண்ணிக்குள்ள வெச்சி வாங்கினா நம்முட சோறு" என்பார். அக்கா பிந்திப்போன நாட்களில் எங்களுக்கு வெறுங்கஞ்சிதான்.

குடிக்காத நாட்களில் அப்பா நண்டை உடைத்துச் சதையை எங்கள் தட்டுகளில் வைத்துவிட்டு, ஓட்டை மட்டும் உறிஞ்சுவார். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவரை வெறுப்பது எங்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை.

பத்தாம் வகுப்புச் சோதனைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அப்பா குடிவெறியில் என் கொப்பிகளை அடுப்பில் போட்டார். அக்கா வெறுங்கையால் இழுத்தெடுத்தார். கணக்குக் கொப்பி மட்டும் மிஞ்சியது. மறுநாள் அப்பா வரும் நேரத்தில் நான் அக்காவிடம் சொன்னேன்: "அவர உள்ள விடாதக்கா. விட்டா நான் சோதினைக்குப் போகமாட்டன்." அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்குப் பிறகு அக்காவுக்கு. அப்பா அங்கே வந்து குடியிருந்தவர். அதனால் அவர் கதவைத் தள்ளவில்லை. "பூமணி, பசிக்குது புள்ள" என்று மட்டும் சொன்னார். அக்கா யன்னல் வழியாகச் சோறு கொடுத்தார். அப்பா சாப்பிட்டு, தட்டைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போனார். கல்குடாவில் ஒரு மீன்வாடிக் குடிசையில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அடுத்த மாரியில் அவர் இறந்த செய்தி வந்தது. அதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

நான் படித்து ஆசிரியையானேன். என்னைக் கண்டால் எழுந்து நின்றீர்கள். அக்காவைத் 'தகப்பனைத் துரத்தினவள்' என்றீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "நீ ரீச்சர் புள்ள. உன்னட்டப் பிள்ளைகள் படிக்க வரவேணும். அந்தப் பேர் என்னட்டக் கிடக்கட்டும்." எனக்கு அது வசதியாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அக்காவின் வீடு இனி அவருடைய மகளுக்கு. எனக்கு உரியது அந்தப் பெயர். கதவைச் சாத்தச் சொன்னவள் நான்.