பின்தாளில் போட்ட கையெழுத்து

எழுபத்தாறில், நெருக்கடி நிலையின்போது, மாநில ஆட்சி கலைக்கப்பட்ட சில வாரங்களில், எங்கள் டூரிங் கொட்டகைக்கு ஒரு பேய்ப்படம் வந்தது. பள்ளி விடுதியில் சமையற்காரியின் மகள் கிணற்றில் விழுந்து இறக்கிறாள். அவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று தலைமையாசிரியர் உத்தரவு போடுகிறார். பணிந்த மாணவிகள் ஒவ்வொருத்தியாகக் குரலை இழக்கிறார்கள்.

நாங்கள் ஐந்து பேர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு விடுதியில் தனித் தம்ளர். பேய் அந்தத் தம்ளரிலிருந்துதான் கிளம்புகிறது என்றேன். வாயை மூடச் சொன்ன அதிகாரத்தைவிட, மூடிக்கொண்டவர்களையே அது தேடி வருகிறது என்றேன். எந்த அதிகாரம் என்று சொல்லவில்லை.

பத்திரிகைக்கு ஒரே பிரதி. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாள் இருக்கும். படித்தவர் பின்தாளில் கருத்தெழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அந்த விதி என்னுடையது. பீங்கான் சூளையில் வேலை பார்த்த நண்பர், 'அந்தத் தலைமையாசிரியர் டெல்லிக்கு மாற்றலாகிவிட்டார்' என்று எழுதி, ஒழுங்காகத் தேதியும் போட்டிருந்தார்.

அடுத்துப் போனது ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக்கு. பத்து நாளாகியும் திரும்பவில்லை. அதற்குள் பக்கத்துத் தெருவில் சுவரொட்டி ஒட்டிய ஒருவரைப் போலீஸ் அழைத்துப்போயிருந்தது. சூளை நண்பர் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"நோட்டு எங்கங்க இருக்குது? வூட்ல அவளுக்கு நெறமாசம். வேலையும் இன்னும் பர்மனென்ட் ஆவல. தேதி வேற போட வச்சிட்டீங்க."

உடனே கிளம்பினேன். வழியில் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் கடைப்பக்கம் திரும்பி நின்றேன். ஆசிரியர் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். அவர் மனைவி அரிசிப் பானைக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்துத் தந்தார். பின்தாள் இல்லை.

"அடுப்புல போட்டுட்டேங்க. எங்க வூட்டுக்காரரு கையெழுத்தும் அதுல இருந்திச்சி. நீங்க எழுதினதுல கை வைக்கல. அத நீங்களே பாத்துக்குங்க."

அதை நானே கிழித்து மணிமுத்தாற்று மணலில் எரித்தேன். சாம்பலையும் காலால் கலைத்தேன். தகவல் சொன்னதும் நண்பர் மூச்சுவிட்டார்.

"இனிமே பாட்டு இருக்கிற படமா பாத்துப் போலாங்க," என்றார்.

பிறகு அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அதை எரித்த நாளின் நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். தேதி இருக்கிறது. கீழே 'வெயில் அதிகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.