புல் பூக்கும் மாதத்தில் ஒரு நாய்க்குட்டி

மெர்வின் கார்பெட்டுக்கு எங்கள் ஊரில் உள்ள எல்லா நாய்களின் பெயரும் தெரியும். அவற்றில் ஒன்றைக்கூட அவன் தொட்டதில்லை.

பண்ணைச் சாமான் கடையில் நாங்கள் இருவரும் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். நான் வெளியே கவுன்டரில், அவன் உள்ளே கண்ணாடி அறையில். தீவனத் தூசி பட்டால் அவன் நெஞ்சு விசிலடிக்கும் என்று முதலாளி தனியாகத் தடுத்துக் கொடுத்த அறை அது. வாசலில் வண்டி வந்து நின்றால், அதன் பின்தட்டில் நிற்கிற நாயைத்தான் முதலில் பார்ப்பான். கண்ணாடியில் விரலால் தட்டுவான். நாய் காதைத் தூக்கும். அப்புறம்தான் வண்டிக்காரன் அவன் கண்ணில் படுவான்.

"ஸ்மட்ஜோட கால் எப்படி இருக்கு?" என்று ஒருநாள் நெவிலிடம் கேட்டான். நெவில் நூறு மாடு கறக்கிற ஆள், வாயும் அதற்கேற்ற அளவு.

"எனக்கு முதுகுல கத்தி வச்சு ஒரு மாசம் ஆகுது. அத ஒரு வார்த்த கேட்டியாடா பாவி?"

"நீ நல்லாத்தானே நிக்கிற. அதுதான் நொண்டுது."

மெர்வின் பிறந்ததும் ஒரு பால் பண்ணையில்தான். மாடு, வைக்கோல், நாய், மூன்றும் அவனுக்கு ஆகாது. எங்கே பிறக்கக் கூடாதோ அங்கே போய்ப் பிறந்தான். தம்பி தங்கைகள் நாயோடு புல்வெளியில் உருண்டுகொண்டிருந்தபோது, இவன் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். க்ளெனிஸைச் சந்தித்ததே ஆஸ்பத்திரியில்தான். இவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான், அவள் அங்கே நர்ஸ். "எதிர்த்துப் பேசாத ஆம்பளன்னு நம்பிக் கட்டிக்கிட்டேன். மூச்சு வந்ததும் சாயம் வெளுத்துப்போச்சு" என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அவனுக்கு ஒரு கனவு வரும். தேநீர் வேளையில் என்னிடம் சொல்லியிருக்கிறான். பனி மூடிய மேட்டுப் புல்வெளி. முன்னால் ஒரு நாய் போகிறது. இவன் பின்னாலேயே ஏறுகிறான். எவ்வளவு தூரம் ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. நாய் நின்று திரும்பிப் பார்க்கும், இவன் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கும். விழித்த பிறகும் எது நிஜம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் படுத்துக் கிடப்பானாம். என் கனவில் வருவதெல்லாம் தவறவிட்ட பஸ்கள்தான். கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். அந்தச் சமயம் மெல்போர்னிலிருந்து க்ளெனிஸின் அண்ணன் மகள் ஒரு சுருட்டை முடி நாயோடு வந்தாள். அந்த ஜாதிக்குக் கவூடுல் என்று பெயர். அப்பன் பூடில், அம்மா கவலியர். முடி அதிகம் கொட்டாது என்று பட்டணத்தில் எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். மெர்வின் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அது அவன் நாற்காலிக்கு அடியில் புகுந்து ஒரு மணி நேரம் தூங்கியிருக்கிறது. க்ளெனிஸ் பார்த்துவிட்டு அலறி, நாயையும் மருமகளையும் சேர்த்துத் தோட்டத்துக்கு விரட்டினாள். அதற்கப்புறம்தான் இருவரும் கவனித்தார்கள், அவன் நெஞ்சில் விசில் இல்லை.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மிர்பூ நார்த் மேட்டுக்கு அப்பால் கவூடுல் வளர்த்து விற்கிற லியான் என்ற பெண்ணுக்கு போன் போட்டான். பெயரைப் பதிந்துகொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தான். கடைப்பக்கம் வந்து அந்தப் பெருமையை வேறு அளந்தான். நெவில் விடவில்லை.

"அது நாயாடா? முதுகு தேய்க்கிற பஞ்சு! மாட்ட ஓட்டுமா?"

"எங்கிட்ட மாடு இல்லையே."

"அந்த வெலைக்கு நான் ரெண்டு மாடு தரேன், கூட ஒரு வாளியும் தரேன்."

நவம்பரில், எங்கள் பக்கம் வசந்தம் முடிந்து கோடை தொடங்குகிற சமயம், லியான் கூப்பிட்டாள். ஆறு குட்டிகள். மெர்வின் சாவியை என்னிடம் நீட்டினான், நான் வண்டி ஓட்டினேன். புல் பூத்து, வடக்குக் காற்றில் மேடெல்லாம் வெளிறிப்போய் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த க்ளெனிஸ் மடியில் இன்ஹேலர் பையை வைத்துக்கொண்டு வந்தாள்.

லியான் உயரமான, கறாரான பெண். குட்டிகளுக்கு நோய் ஒட்டாமல் இருக்க, பூட்ஸ்களை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வைத்துத்தான் கொட்டகைக்குள் விட்டாள்.

"குட்டிய நீங்க தேர்ந்தெடுங்க. ஆனா உங்கள தேர்ந்தெடுக்கிறது நான்" என்றாள். "ஒரு மணி நேரம் குட்டிங்களோட உக்காரணும். மூச்சு சரியா இருந்தா மேல பேசலாம். இந்த ஜாதி யாருக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒவ்வொரு நெஞ்சும் ஒவ்வொரு மாதிரி. அலர்ஜிக்கு மாத்திர எதுவும் போட்டுட்டு வரலதானே?"

"இல்ல" என்றான் மெர்வின்.

குட்டிகளின் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நாடா. மெர்வின் தரையில் உட்கார்ந்ததும் ஐந்து குட்டிகள் அவன் மேல் ஏறி, பொத்தானைக் கடித்து, சரிந்து விழுந்தன. பச்சை நாடா மட்டும் சுற்றிவந்து அவன் பூட்ஸை மோந்து பார்த்தது, யோசித்தது, அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டது. வறுத்த காப்பிக் கொட்டை நிறம். மெர்வின் ஒரு மணி நேரம் அந்தக் காலை அசைக்கவில்லை. கடைசியில் எழுந்தபோது கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இவன்தான்" என்றான். குரல் தெளிவாக இருந்தது. கண் சிவக்கவில்லை, தும்மல் இல்லை, ஒன்றுமில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. லியான் பேனாவைத் தேடினாள்.

க்ளெனிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெர்வ், இங்க திரும்பு. மூக்கக் காட்டு."

"என்ன இப்போ?"

"புல் பூக்கிற மாசம். வடக்குக் காத்து அடிக்குது. உன்னக் கட்டின நாள்லேந்து இந்த மாசத்துல உன் மூக்கு ஒழுகாம நான் பாத்ததில்ல. இன்னிக்கு மட்டும் எப்படி சுண்ணாம்பு மாதிரி காஞ்சிருக்கு?"

மெர்வின் தரையைப் பார்த்தான்.

"மாத்திர எப்ப போட்ட?"

"காலைல. ரெண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மண்டையில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. நாய்க்காக அவன் உயிரை வைத்து விளையாடியிருக்கிறான்.

"ஒரு தடவையாவது நானும் பாஸாகணும்னு நெனச்சேன்" என்றான் மெர்வின்.

"உனக்கு மூச்சு நின்னப்பல்லாம் நீ மயங்கிக் கெடந்த" என்றாள் க்ளெனிஸ். "முழிச்சிருந்தவ நான்."



லியான் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள். "மாத்திர போட்டா அது மாத்திரைக்கு வச்ச பரீட்ச. வீட்டுக்குப் போய்ட்டுத் திரும்பி வர்ற குட்டிய நான் பாத்திருக்கேன். சாப்பிடாது. கதவையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"மாத்திர இல்லாம இன்னொரு நாள் வரேன்" என்றான் மெர்வின்.

"வந்து? மூக்கு ஒழுகினா அது புல்லாலயா, குட்டியாலயா? நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" கொஞ்சம் யோசித்தாள். அவன் முகம் அவளையும் என்னவோ செய்திருக்க வேண்டும். "நல்லா ஊறப் பெய்யிற மழை வரட்டும். இடி கிடி இல்லாத மழை, இடி இடிச்சா புல்லுப்பூவோட தூள் ஒடஞ்சு நெஞ்சுக்குள்ள போயிடும். புல்லுத்தூள் எல்லாம் தரையில அடங்கினதும் வாங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் பச்ச நாடாவ வச்சிருக்கேன். அதுக்கப்புறம் வரிசைல அடுத்த ஆளு காத்திருக்காங்க."

அந்த வாரம்தான் ஊர் முழுக்க மாட்டுத் தீவனத்துக்குப் புல் அறுப்பு. அறுத்த புல் காய்வதற்கு எல்லாரும் வெயிலை வேண்டிக்கொண்டிருந்தார்கள். மெர்வின் ஒருவன்தான் மழையை வேண்டினான். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தான். க்ளெனிஸ் அவனோடு பேசவில்லை, ஆனால் ரேடியோவில் வானிலை வரும்போது சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம். கண்ணை மூடினால் மேடு வருகிறது, பனி வருகிறது, நாயைக் காணோம் என்று போனில் என்னிடம் சொன்னான். போய் வேலையைப் பாருடா என்று போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியும்போது தென்மேற்கிலிருந்து மேகம் இறங்கியது. இடி இல்லை, காற்று இல்லை. சலிக்காமல் பெய்தது. கடை வாசலில் நெவில் நனைந்துபோய் நின்று வானத்தைத் திட்டினான்.

"முப்பது ஏக்கர் அறுத்துப் போட்டிருக்கேன்! எந்தச் சண்டாளன்டா மழையக் கூப்பிட்டது?"

நான் வாயைத் திறக்காமல் மத்தியானம் வரை கடையைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் போய் அவர்களை ஏற்றிக்கொண்டேன். க்ளெனிஸ் தயாராக நின்றாள். வாரம் முழுக்க அவன் வாயில் மாத்திரை போகாமல் அவளே காவல் காத்திருக்கிறாள். மேட்டுப்பாதையில் மேகம் சாலைக்கே இறங்கி வந்திருந்தது. முன்னால் போகிற வேலி தெரியும், மறையும். பசுக்கள் பாதி உடம்போடு மிதந்தன. நாங்கள் எங்கேயோ கடலுக்கு அடியில் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

கொட்டகைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மற்ற குட்டிகளுக்கெல்லாம் ஆள் ஆகிவிட்டது, கூண்டின் அந்தப் பக்கம் அவை ஒரே குவியலாகத் தூங்கின. லியான் பச்சை நாடாவைக் கொண்டுவந்து மெர்வின் மடியில் விட்டுவிட்டு, வாசலருகே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குட்டி அவன் சட்டைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது. அவன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தான். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். அறுபத்தேழு வருஷப் பழக்கம் அது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தூக்கத்தில் இருக்கிற வீடு மாதிரி இருந்தது அந்த இடம். குட்டியின் வயிறு ஏறி இறங்கியது. நான் மெர்வினின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் தும்மினான். நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்தோம்.

"வைக்கோல் துரும்பு" என்றான், பயந்துபோய்.

க்ளெனிஸ் எழுந்துபோய் அவன் பின்னால் மண்டியிட்டாள். சட்டையை மேலே தூக்கி, வெறும் முதுகில் காதை வைத்தாள். இடது பக்கம், வலது பக்கம், கீழே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவ்வளவு நேரம் கேட்டாள், எனக்கு என் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

"என்ன கேக்குது?" என்றான் மெர்வின். தோற்கப் பழகினவனின் குரல்.

"பேசாத."

மறுபடி கேட்டாள். அப்புறம் காதை எடுக்காமலே, "ஒண்ணுமே கேக்கல, மெர்வ்" என்றாள். "மழதான் கேக்குது."

மெர்வின் சிரிக்கவில்லை, அழவில்லை. கைகளை மட்டும் மெதுவாக இறக்கிக் குட்டியைச் சுற்றி வைத்துக்கொண்டான். தலை இன்னும் பின்னாலேயே இருந்தது. க்ளெனிஸ் சுற்றி முன்னால் வந்து அவனைப் பார்த்தாள். நாய் இருக்கிற தெருவில் அவனைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் போனவள் அவள்.

"முகத்த வை" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

"வையேன். நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவன் குனிந்து, கண்ணை மூடி, அந்தக் காப்பிக்கொட்டைச் சுருளுக்குள் முகத்தைப் புதைத்தான். குட்டி விழித்துக்கொண்டு அவன் காதை நக்கியது. க்ளெனிஸ் அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணீர் தாடையில் வடிய வடிய, "இழு. நல்லா உள்ள இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.